கடலுக்கு மேலே பத்து நிமிடம்

"பரா" என்ற சொல்லைக் கேட்டதும் எமது பெண்களுக்கு விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. இரவைப் பகலாக்கிக் கொண்டு வானத்தில் தொங்கிய பரா வெளிச்சந்தான் நினைவுக்கு வரும். சிறிய பரசூட் ஒன்றில் கட்டப்பட்டு மெல்ல மெல்ல இறங்கி வந்த அந்த வெளிச்சத்தின் கீழே, பிள்ளைகளை அணைத்தபடி பதுங்கு குழிக்குள் மூச்சடக்கி இருந்தவர்கள் இதனை வாசிக்கும் சகோதரிகளிலும் பலர் இருப்பீர்கள்.

அதே "பரா" இன்று உலகின் கடற்கரைகளில் வேறொரு வேலை செய்கின்றது. வேகமாக ஓடும் படகு ஒன்றின் பின்னால் நீண்ட கயிறு. அக்கயிற்றின் மறுமுனையில் விரிந்த பரசூட். அதன் கீழே பட்டிகளால் கட்டப்பட்டு ஒருவரோ இருவரோ கடலுக்கு மேலே மிதந்து செல்கின்றனர். இதற்குப் பராசெயிலிங் என்று பெயர். உல்லாசப் பயணிகளுக்குரிய பொழுதுபோக்கு எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடலினால் வாழ்ந்து, கடலினால் இழந்து, கடலைக் கடந்தே ஆசுப்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போய்வரும் தீவகப் பெண்கள் இதைப்பற்றி அறிந்துகொள்வதில் பயனுண்டு என்பதே என் எண்ணம்.

பட்டமும் பரசூட்டும்

பராசெயிலிங்கை விளங்கிக்கொள்வதற்கு எமக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பட்டம் ஏற்றத் தெரிந்தாற் போதும். மார்கழி, தை மாதங்களில் விண் பூட்டிய கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் கூவாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைப் பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடுகின்றது. காற்று பட்டத்தைத் தள்ளுகின்றது. கயிறு பிடித்து நிறுத்துகின்றது. இரண்டுக்கும் இடையில் பட்டம் மேலெழுகின்றது.

2021ஆம் ஆண்டு மார்கழியில் பருத்தித்துறைப் பக்கத்தில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினர். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவர் தென்னை உயரத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். உயிருக்கு ஆபத்தின்றி அவர் தப்பினார். அக்காட்சி தொலைபேசிகள் வழியாக உலகம் முழுவதும் பரவியது. காற்றுக்கு ஓர் ஆளைத் தூக்கும் பலம் உண்டு என்பதை எமது மண்ணே அன்று காட்டியது. பராசெயிலிங்கும் இதே தத்துவந்தான். வேறுபாடு என்னவென்றால், இங்கு காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. படகு ஓடுவதனால் காற்று உண்டாக்கப்படுகின்றது. ஆளும் கயிற்றைக் கையால் பிடிப்பதில்லை. இடுப்பிலும் தொடையிலும் பட்டிகள் பூட்டப்படுகின்றன.

1960களின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த பியர் லெமோயின் என்பவர், நிலத்திலிருந்தே இழுத்து மேலேற்றக்கூடிய பரசூட் ஒன்றை வடிவமைத்தார். விமானத்தில் ஏறாமலே பரசூட் பயிற்சி பெறுவதற்கு அது உதவியது. பின்னர் அது கடற்கரைகளுக்கு விளையாட்டாக வந்து சேர்ந்தது. இன்று பல இடங்களில் படகின் பின்தட்டில் கயிறு சுற்றும் உருளை பொருத்தப்பட்டுள்ளது. ஏறுபவர் படகிலிருந்தே மேலெழுந்து படகிலேயே வந்து இறங்குகின்றார். வேறு சில இடங்களில் மணலில் சில அடி ஓடி மேலெழ வேண்டும். மேலே இருக்கும் நேரம் அநேகமாகப் பத்து நிமிடத்துக்கு உட்பட்டதே.

நாம் சென்ற பயணம்

வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களைச் சேர்ந்த மாதர் குழு அங்கத்தவர்களுடன், தும்புத் தொழில் செய்யும் பெண்களைச் சந்திப்பதற்காக ஒரு மாசி மாதத்தில் தெற்கே சென்றிருந்தோம். தென்மேற்குக் கரையில் மாசி, பங்குனி மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். சந்திப்பு முடிந்த மறுநாள், உல்லாசப் பயணிகள் வரும் கடற்கரை ஒன்றில் ஓய்வுக்காக இறங்கினோம். அங்கேதான் மஞ்சளும் சிவப்புமாக விரிந்த பரசூட்டைக் கண்டோம்.

குழுவில் ஊர்காவற்றுறைப் பக்கத்து அக்கா ஒருவர். வயது 50ஐக் கடந்தவர். கடலுக்குப் போன கணவர் போர்க்காலத்தில் திரும்பி வரவில்லை. மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பிள்ளை, நானும் ஏறட்டோ?" என்று கேட்டார்.

"உந்தக் காசுக்கு நாலு கோழி வாங்கலாமே அக்கா" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"கோழிக் காசு வேறை. இது கனடாவிலையிருந்து தம்பி எனக்கெண்டு அனுப்பின காசு. எனக்கெண்டு நான் ஒருநாளும் செலவழிச்சதில்லை" என்றார் அக்கா.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. நேரே படகுக்காரரிடம் போய், "கயிறு எப்ப மாத்தினது? முடிச்சு எந்த இடத்திலை?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் அதை எடுத்துச் சொன்னேன். படகுக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றின் முனையைக் காட்டினார். அக்கா அதைக் கையால் தடவி, வளைத்துப் பார்த்தார். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் குறையும் என்பது வலையோடு பழகியவர்களுக்குத் தெரிந்த விடயம். உப்பிலும் வெயிலிலும் கிடந்த கயிறு பார்வைக்கு நல்லதாக இருந்தாலும் உள்ளே நைந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பராசெயிலிங் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் இதையேதான்.

சேலையுடன் ஏற முடியாது என்றபடியால் மகளின் சுடிதாரை வாங்கி உடுத்துக்கொண்டார். உயிர்காப்பு மேலங்கி அணிவிக்கப்பட்டது. பட்டிகள் பூட்டப்பட்டன. படகு வேகமெடுக்க, கால் தட்டை விட்டெழும்ப, "முருகா" என்ற ஒரு சத்தம். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அக்கா கைப்பிள்ளையின் அளவுக்குச் சிறுத்துப் போனார்.

இறங்கி வந்தபின் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டோம். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "மேலை போனாப்பிறகு மோட்டர்ச் சத்தமும் கேக்கேல்லை. வானம் இவ்வளவு அமைதியா இருக்குமெண்டு இண்டைக்குத்தான் கண்டனான். கடலும் மேலையிருந்து பாக்கச் சும்மா தண்ணியாத்தான் கிடக்கு."

வானத்திலிருந்து வரும் சத்தத்துக்குப் பயந்தே அரைவாசி வாழ்க்கையைக் கழித்த ஒருவரின் சொற்கள் அவை.

அவருக்குப் பின் நானும் இளம்பெண் ஒருவரும் ஏறினோம். நெடுந்தீவைச் சேர்ந்த இன்னொரு சகோதரி பணம் இருந்தும் ஏறவில்லை. பரசூட்டைப் பார்க்கவே நெஞ்சு படபடக்கின்றது என்றார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை. அவருடைய கையைப் பிடித்தபடி ஒருவர் மணலில் கூட இருந்தார். ஏறியவரின் துணிவை மெச்சுகின்ற நாம், ஏறாதவரின் முடிவையும் அதேயளவு மதிக்க வேண்டும். போரினால் மனம் காயப்பட்ட ஒருவருக்கு ஒரு நிறமோ, ஒரு சத்தமோ, ஒரு பொருளோ பழையதைக் கிளறிவிடலாம். அது கோழைத்தனம் ஆகாது. "ஏறு, பயம் போயிடும்" என்று தள்ளிவிடுவது உதவியும் ஆகாது. ஏறுவதா, இருப்பதா என்று அவரே தீர்மானிப்பதில்தான் ஆறுதல் தொடங்குகின்றது.

"அவளுக்கு உது தேவையோ?"

ஊர் திரும்பிய சில நாட்களில் கதை வந்து சேர்ந்தது. "புருசன் இல்லாதவளுக்கு உந்தப் பறப்புத் தேவையோ?" என்று ஒழுங்கையில் ஒருவர் கேட்டாராம். கேட்டவரும் ஒரு பெண்ணே.

எமது சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணின் துக்கத்துக்கு இடமுண்டு. அவளது உழைப்புக்கும் இடமுண்டு. அவளது சந்தோசத்துக்குத்தான் கணக்குக் கேட்கப்படுகின்றது. பூவும் பொட்டும் முதற்கொண்டு, சிரிப்பும் உடுப்பும் வரை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். மனைவியை இழந்த ஆண் மாலையில் கடற்கரையில் கரப்பந்து விளையாடினாலோ, கடதாசி விளையாடினாலோ எவரும் கேள்வி எழுப்புவதில்லை. "பாவம், மனதை ஆத்துறான்" என்பர். மனதை ஆற்றவேண்டிய தேவை பெண்ணுக்கும் உண்டல்லவா?

வாழ்வாதாரம், வீட்டுத்திட்டம், சுழற்சிக் கடன் என்று நலன்புரி வேலைகள் பலவற்றை நாம் செய்கின்றோம். அவை அவசியமானவை. ஆயினும் ஒரு பெண் தனக்கென்று பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வது எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அந்தப் பத்து நிமிடம் பராசெயிலிங்காக இருக்கவேண்டும் என்பதில்லை. சாட்டிக் கடற்கரையில் கால் நனைத்து இருப்பதாகவோ, பிள்ளைகளுடன் பட்டம் ஏற்றுவதாகவோ இருக்கலாம். செலவில்லாத சந்தோசங்களும் உள்ளன. அக்காவிடம் அந்தக் கதையைப் பற்றிக் கேட்டபோது, "சொல்லட்டும் பிள்ளை. அவையும் ஒருக்கா ஏறினா விளங்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை

சந்தோசத்துக்கு உரிமை உண்டு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடக்கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2007இலும் 2012இலும் பராசெயிலிங்கில் ஈடுபட்ட இரு பெண்கள் உயிரிழந்தனர். அதன் பின்னரே 2014இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. காற்று மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றருக்கு மேல் தொடர்ந்து வீசினால் ஏற்றக்கூடாது, ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்குள் மின்னல் இருந்தால் ஏற்றக்கூடாது என்று அச்சட்டம் கூறுகின்றது. நாம் எங்கு சென்றாலும் பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

1. காற்றையும் வானத்தையும் பாருங்கள். கடல் வெள்ளைநுரை கட்டி நின்றாலோ, மழை இருட்டோ இடிமுழக்கமோ இருந்தாலோ ஏறவேண்டாம். கட்டிய காசு போனாலும் போகட்டும்.

2. கயிறு, பட்டி, கொளுக்கிகளைக் காட்டும்படி கேளுங்கள். நைந்த இடம், தளர்ந்த முடிச்சு, துருப்பிடித்த கொளுக்கி இருந்தால் திரும்பிவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

3. உயிர்காப்பு மேலங்கி உடம்புக்கு அளவாக, இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

4. படகில் ஓட்டுபவரைத் தவிர, மேலே இருப்பவரைக் கவனிப்பதற்கு இன்னொருவர் இருக்கின்றாரா என்று பாருங்கள்.

5. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் என்ன செய்வது, "இறக்கு" என்பதற்குக் கையால் என்ன சைகை காட்டுவது என்பவற்றை முன்னரே கேட்டு அறியுங்கள். மொழி விளங்காவிட்டால் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. உடம்பில் செல்துண்டு உள்ளவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி ஏறவேண்டாம். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் வைத்தியரிடமும் கேட்டு, படகுக்காரரிடமும் முன்னரே சொல்லவேண்டும்.

எமது தீவுகளில்

இவ்விளையாட்டு எல்லாக் கடலுக்கும் பொருந்துவதில்லை. காரைநகர் கசூரினாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. குளிப்பதற்கு அது பாதுகாப்பு. உயரத்திலிருந்து விழுபவருக்கோ அதுவே ஆபத்து. சோளகம் பலமாக வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் எப்படி இருக்கும் என்பதை வள்ளத்தில் பயணம் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாளை எமது கரைகளிலும் இத்தகைய தொழில்கள் பரவலாகும்போது, எந்த இடம், எந்த மாதம் உகந்தது என்பதை இக்கடலை அறிந்த மீனவக் குடும்பங்களிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். அதில் வரும் வேலைகளிலும் வருமானத்திலும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதை மாதர் சங்கங்கள் முற்கூட்டியே பேசத் தொடங்குவது நல்லது.

தீவகப் பெண்களுக்குக் கடல் வெறும் அழகுக் காட்சி அல்ல. 1985 வைகாசி 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆவணியில் தீவுகளை விட்டு ஓடியவர்கள் ஆண்டுக்கணக்காக இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். அவற்றை மறக்கும்படி எவரும் கேட்கவில்லை. நினைவைச் சுமந்துகொண்டே கடலோடு புதிய உறவொன்றையும் ஏற்படுத்திக்கொள்ள முடியும்.

அதற்கான முதற்படியை நாளைக்கே வைக்கலாம். குறிகாட்டுவானில் படகேறும்போது உயிர்காப்பு மேலங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். பிள்ளைகளுக்கும் அணிவியுங்கள். கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண் பிள்ளைகள் எம்மிடையே எத்தனை பேர்? அவர்களுக்கு நீச்சல் பழக்கும்படி பாடசாலைகளையும் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் வற்புறுத்துங்கள். நீந்தத் தெரிந்த பெண் கடலைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். பிறகு அவள் அலையில் விளையாடுவதா, வானத்தில் மிதப்பதா, கரையில் இருந்து பார்ப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.