ஓடாமல் நிற்கும் மோட்டார் சைக்கிள்

ஓடும் வண்டி தேயும் என்பது எல்லோரும் அறிந்தது. ஓடாமல் நிற்கும் வண்டி என்ன ஆகும்? 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது, எண்ணற்ற மோட்டார் சைக்கிள்கள் வாசலிலும் திண்ணையோரத்திலும் வாரக்கணக்கில் நின்றன. மீண்டும் வெளியே எடுத்தபோது பலருடைய வண்டிகள் முனகக்கூட இல்லை. கப்பல் வேலைக்குச் செல்லும் தூத்துக்குடி இளைஞரும், இராணுவத்தில் பணிபுரிபவரும் ஆறு மாதம், எட்டு மாதம் வண்டியை வீட்டில் விட்டுச் செல்வது இன்றும் வழக்கம். அந்த நாட்களில் வண்டி ஓய்வெடுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் உள்ளும் புறமும் வேதிவினைகள் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

“வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடு தம்பி, வண்டி கெடாது.” ஊருக்குக் கிளம்பும் அண்ணன் தவறாமல் சொல்லிச் செல்லும் யோசனை இது. நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் இந்த யோசனையே வண்டிக்குத் தீங்கு செய்கிறது. எவ்வாறு?

பெட்ரோல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பல பொருள்களின் கலவை. அவற்றுள் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். 114 கிராம் ஆக்டேன் முழுமையாக எரிந்தால் 352 கிராம் கரியமில வாயுவும் 162 கிராம் நீரும் உண்டாகின்றன. எரிந்த எண்ணெயைவிடப் பிறந்த நீரின் எடை அதிகம்! காற்றிலிருந்து 400 கிராம் ஆக்சிஜன் வந்து சேர்ந்ததே இதற்குக் காரணம். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இந்த நீர் ஆவியாகவே சைலன்சர் வழியே வெளியேறிவிடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடும் வண்டியிலோ சைலன்சரின் பின்பகுதி போதிய சூடு அடைவதில்லை. ஆவி குளிர்ந்து நீராகி உள்ளேயே தங்குகிறது. காலையில் கிளப்பிய வண்டியின் சைலன்சர் நுனியில் நீர் சொட்டுவதை நீங்களே பார்த்திருக்கலாம்.

ஆவியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயிலும் கலக்கிறது. அதனுடன் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் அமிலம் உண்டாகிறது. எண்ணெய் நன்கு சூடேறினால்தான் இந்த நீர் வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அது நடவாது. பாட்டரிக்கும் இதனால் ஆதாயமில்லை. செல்ஃப் ஸ்டார்ட்டருக்குக் கொடுத்த மின்சாரத்தை மெதுவாக ஓடும் எஞ்சின் அந்தச் சிறு நேரத்தில் திருப்பித் தருவது அரிது. கிளப்புவதானால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டிவர வேண்டும். அதற்கு ஆளில்லையெனில் தொடாமல் விடுவதே மேல்.

அமிலமும் நீரும் கலந்த பழைய எண்ணெயை எட்டு மாதம் உள்ளே ஊறவிடுவது நன்றன்று. எனவே எண்ணெயைத் திரும்பி வந்தபின் மாற்றுவதைவிட, நிறுத்துமுன் மாற்றுவதே முறை. அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, சாவியை அணைத்த நிலையில் வண்டியைக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைச் சில சுற்றுகள் கையால் சுழற்றினால் சிலிண்டர் சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவும். பிளக்கைத் திரும்பப் பொருத்தியபின், சக்கரம் கெட்டியாகத் தடுக்கும் இடம்வரை மெல்லத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். நான்கு வீச்சு எஞ்சினில் அழுத்த வீச்சின் முடிவு அது. இரு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே நுழையாது.

கடலோர ஊர்களில் இன்னொரு பகைவன் உண்டு. உப்பு! காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் கசிவதும் இதனால்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இந்த அளவு ஈரப்பதம் இரவு நேரங்களில் வெகு சாதாரணம். ஆகவே கடற்காற்று படியவைத்த உப்புத் தூசி, மழையே பெய்யாவிட்டாலும் இரவுதோறும் உப்புநீர்ப் படலமாகி இரும்பை அரிக்கிறது. நிறுத்துமுன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, சங்கிலிக்கும் பெயிண்ட் உரிந்த இடங்களுக்கும் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் செய்ததெல்லாம் வீண்; ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய பருத்திப் போர்வையே சிறந்தது.

பெட்ரோல் தொட்டி காலியாக இருக்க வேண்டுமா, நிறைந்திருக்க வேண்டுமா? இரும்புத் தொட்டியில் காலியிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து, இரவில் குளிர்ந்து, சுவரில் வியர்க்கும், துரு பிடிக்கும். இரண்டு மூன்று மாத இடைவெளிக்கு நிறைத்து வைப்பதே நல்லது. ஆனால் கழுத்துவரை நிரப்பலாகாது. 20 டிகிரி வெப்பம் கூடினால் 10 லிட்டர் பெட்ரோல் சுமார் 200 மில்லிலிட்டர் விரியும். மேலும், பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து செல்லும். சமையலறைக்கோ விளக்கேற்றும் இடத்துக்கோ அருகில் வண்டியை நிறுத்துவது ஆபத்து.

ஆண்டுக்கணக்கில் நிறுத்துவதானால் நிலைமை வேறு. பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப்போக, எஞ்சியது ஆக்சிஜனுடன் சேர்ந்து பிசினாக மாறுகிறது. 2025-க்குள் இந்தியாவில் பரவலாகிவிட்ட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் மற்றொரு தொல்லையும் உண்டு. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் அளவுக்கு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு எரிபொருள் செல்வதும் அடியிலிருந்துதானே! இத்தகைய நீண்ட இடைவெளிக்குத் தொட்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துக் காலி செய்து, உள்ளே எண்ணெய் பூசுவிப்பதே தக்கது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில், இடைவெளி குறுகியதானாலும் அதன் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைமயிர் போன்ற துளைகளைப் பிசின் அடைத்துவிடும்.

பாட்டரி விஷயத்துக்கு வருவோம். ஈய-அமில பாட்டரி சும்மா இருந்தாலே தானாக மின்சாரத்தை இழக்கும். வெப்பம் கூடக்கூட இழப்பும் விரைவாகும். மின்சாரம் குறையும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து மறையும். மாதக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகங்களாகி, பிறகு எந்த மின்னேற்றத்துக்கும் மசியாது. முழுதும் ஏறிய பாட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கவிடலாகாது. கழற்றி வைத்து மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். வாரம் ஐந்து நிமிடம் வண்டியைக் கிளப்பும் தம்பிக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்! கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுக்க வேண்டும். நேர்முனையில் ஸ்பானர் இருக்கையில் அது வண்டியின் உடலைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனையை முன்பே துண்டித்திருந்தால் அந்த அச்சமில்லை. பொருத்தும்போது வரிசை தலைகீழ்.

டயர்களில் முழுக் காற்று அடைத்துச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தரையைத் தொடும் டயரின் கீழே பலகை வையுங்கள்; மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டும், எலி புகும். துணியை உருட்டி அடைத்து, அதன் நுனியில் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது.

திரும்பி வந்து அந்தத் துணியை எடுத்தபின் வண்டியைக் கிளப்பினால், முதலில் சற்று நேரம் நீலம் கலந்த வெண்புகை வரும். பயப்பட வேண்டாம், பிளக் துளையில் விட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான் எரிகிறது.