சும்மா இருக்கும் முகம்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருக்கும் தோழிக்குப் போன் செய்தால், மலைப்பாதையில் ஏதோ ஒரு வளைவுக்குப் பிறகு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்று பதிவுக் குரல் கேட்கும். கல்வராயன் மலையில் டவர் எடுக்காத இடங்கள் நிறைய. பெரும்பாலோர், ‘சேர்ந்ததும் கூப்பிடுவாள்’ என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு சிலருக்கு மட்டும் அந்த நொடியே நெஞ்சை அடைக்கும். வேண்டுமென்றே அணைத்துவிட்டாள், என்னை வெட்டிவிட்டாள் என்று தோன்றும். வரிசையாக மிஸ்டு கால், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஒரு மெசேஜ், பிறகு அழுகை, தன் மேலேயே ஆத்திரம்.

இந்த ஒரு சம்பவத்தை வைத்து யாருக்கும் நோயின் பெயரைச் சூட்டிவிட முடியாது. உறவு, கோபம், தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாமே ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடிக்கொண்டிருந்தால்தான் மருத்துவர்கள் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, சுருக்கமாக பிபிடி, என்பார்கள். வீட்டில் இதற்கு வைக்கிற பெயர் திமிர் அல்லது நடிப்பு.

நடிப்பா என்று பார்க்க ஒரு சோதனை உதவும். திரையில் ‘நாற்காலி’ என்ற சொல் நீல நிறத்தில் வரும். பொருளை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். எல்லோரும் சட்டென்று ‘நீலம்’ என்பார்கள். அடுத்து ‘துரோகம்’, பச்சையில். பிபிடி உள்ளவர்களுக்கு இங்கே பதில் பிந்துகிறது. சொந்த வாழ்க்கையைத் தொடும் சொல்லென்றால் இன்னும் பிந்தும். வாய் ‘பச்சை’ என்று சொல்வதற்குள் கவனம் துரோகத்தில் சிக்கிக்கொள்கிறது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும் தாமதம் இது. இதை நடித்து யாருக்கு என்ன லாபம்?

முகங்களின் கதை இன்னும் விநோதம். 2003இல் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் முகப்படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, பிபிடி உள்ளவர்களுக்குச் சலனமே இல்லாத முகத்துக்கும் கூடுதலாகக் கிளர்ந்தது. சிலர் அந்த முகங்கள் மிரட்டுவதாகவே சொன்னார்கள். கோபமுகம் கோபம் என்று தெரிந்துவிடும். சும்மா இருக்கும் முகத்தை அவரவரே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடுக்காத போனும் அப்படித்தான். 2013இல் ஜெர்மனியில் கண்ணசைவை அளந்தபோது, கோபமுகத்தின் கண்களை நோக்கி இவர்களுடைய பார்வை மற்றவர்களைவிட வேகமாகப் பாய்ந்தது. யோசிக்கத் தொடங்கும் முன்பே பார்வை போய்விடுகிறது. ‘யோசித்துப் பேசு’ என்ற அறிவுரை அதனால்தான் எடுபடுவதில்லை.

பிபிடி உள்ளவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) முறையின் முதல் பெரிய ஆய்வு 1991இல் வெளியானது. இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை அவர் 2011இல்தான் வெளியே சொன்னார். டிபிடியில் ஒரு பயிற்சி, கண்டதையும் கட்டியதையும் பிரித்து எழுதுவது. ‘கூப்பிட்டேன், எடுக்கவில்லை’ என்பது கண்டது. ‘வெட்டிவிட்டாள்’ என்பது கட்டியது. ஆத்திரம் உச்சத்தில் இருக்கும்போது இது லேசான வேலை இல்லை. மாதக்கணக்கில் பழக வேண்டும்.

ஆளுமை என்றதும் ‘பிறவிக் குணம், மாறாது’ என்று கைகழுவுகிறோமே, அது தப்பு. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் 290 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 93 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலை, உறவு என்று முழுதாக நிலைகொண்டவர்கள் பாதிப் பேர்தான். கள்ளக்குறிச்சிக்காரர்கள் முதலில் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உதவி கேட்கலாம். 2022இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ், 14416, தமிழிலேயே பேசும், கட்டணம் கிடையாது.