சிறு பள்ளியின் மாணவர் கணக்கு

நம் பிள்ளைகள் வார நாட்களில் பயிலும் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுள் 'சார்ட்டர் பள்ளி' ஒரு தனி வகையாகும். அரசுப் பணத்தில், கட்டணமின்றி, ஆனால் தனக்கென ஓர் ஆட்சிக் குழுவுடன் ஒப்பந்த அடிப்படையில் இயங்குவது. இதற்கான முதற் சட்டத்தை 1991இல் மினசோட்டா மாநிலம் இயற்றிற்று. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில், படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர்களுக்காக சிட்டி அக்காடமி என்னும் முதற் பள்ளி தோன்றியது. 2021இல் நாடெங்கும் இவ்வகைப் பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 37 இலட்சம்.

இவற்றுட் பல மிகச் சிறியவை. மாநிலம் தரும் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், 80 மாணவர் உள்ள பள்ளியில் எண்மர் விலகினால் அவ்வருவாயில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வாடகையோ குறையாது. அந்த எண்மரும் ஒரே வகுப்பினர் அல்லராதலால் ஓர் ஆசிரியரைக் குறைக்கவும் இயலாது. இத்தகைய பள்ளிகள் மூடப்படுவதற்கு மாணவர் குறைவு ஒரு முதன்மைக் காரணமாக இருப்பதில் வியப்பில்லை.

விண்ணப்பங்கள் இடங்களை விஞ்சினால் குலுக்கல் முறையே வழி; உடன்பிறந்தாருக்குப் பல பள்ளிகள் முன்னுரிமை தருகின்றன. எனினும் குலுக்கலுக்குப் பெயர் கொடுப்பவர் யார்? பள்ளியைப் பற்றிக் கேள்வியுற்றவரும், பேருந்து இல்லாத இடத்திற் காலையும் மாலையும் காரோட்ட வாய்ப்புடையவருமே. மாணவரின் இனக் கலப்பைக் குலுக்கலுக்கு முன்பே இது பெரிதும் தீர்மானித்துவிடுகிறது.

விழுக்காடுகளையும் நாம் கவனத்துடன் படித்தல் வேண்டும். 40 பேர் உள்ள பள்ளியில் 'ஆசியர் 5 விழுக்காடு' என்பது ஒரே வீட்டு அண்ணனும் தங்கையுமாக இருக்கலாம்! தமிழர், சீனர், மொங் மக்கள் யாவரும் 'ஆசியர்' என்ற அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். செயின்ட் பாலில் மொங் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் பயிலும் சார்ட்டர் பள்ளியும் உண்டு.

தமிழ் என்ற பெயர் பதிவாகும் இடம், சேர்க்கையின்போது தரப்படும் வீட்டு மொழிப் படிவமே. பிள்ளையை ஆங்கில உதவி வகுப்பில் இட்டுவிடுவார்களோ என அஞ்சி, வீட்டில் தமிழே பேசும் பெற்றோரும் அதில் 'ஆங்கிலம்' என எழுதிவிடுவதுண்டு. இதனை நாம் ஏற்பதற்கில்லை. தமிழ் என எழுதினால் முதலில் நிகழ்வது ஓர் ஆங்கிலத் தேர்வே. அதில் தேர்ச்சி காட்டும் பிள்ளைக்கு உதவி வகுப்பு என்ற பேச்சே எழாது. உதவி தேவை எனப் பள்ளி கருதினாலும், அவ்வகுப்பை மறுக்கும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் பெற்றோருக்கு அளித்துள்ளது.