பனிக்கட்டி விட்டுச்சென்ற உப்பு

எங்கள் பள்ளி திருவொற்றியூரில் இருக்கிறது. மாணவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே கடல் நீரோட்டப் பாடத்தை 'சாகர் நிதி' கப்பலிலிருந்து தொடங்கினேன்.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கப்பல் அது. நீளம் 104 மீட்டர். அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் 66 டிகிரி தெற்கு அட்சக்கோடு வரை சென்றுவந்தது. 40 டிகிரியைத் தாண்டினால் மேற்குக் காற்று பலமாக வீசும். கப்பலுக்குள் பொருள்களைக் கட்டித்தான் வைக்க வேண்டும். இரவும் பகலும் முறைவைத்து வேலை நடக்கும். குறித்த இடம் வந்துவிட்டால், நள்ளிரவானாலும், உப்பு, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அறியும் கருவியைக் கடலுக்குள் இறக்குவார்கள். மேலே இழுக்கும்போது, அதைச் சுற்றியுள்ள குப்பிகளை வெவ்வேறு ஆழத்தில் மூடி நீரைப் பிடிப்பார்கள்.

"அவ்ளோ தூரம் போயி உப்ப ஏன் சார் அளக்கணும்?" என்றான் ஒரு மாணவன்.

மறுநாள் கண்ணாடிக் குவளையில் உப்புநீர் எடுத்து, நீல மை கலந்து உறையவைத்த ஐஸ் கட்டியைப் போட்டேன். "குளிர்ந்த நீர் கனமானது. நீலம் கீழே இறங்கும், பாருங்கள்" என்றேன். இறங்கவில்லை. மேலேயே படலமாக நின்றது. எனக்குப் பேச்சு வரவில்லை.

எண்ணூரிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "ஐஸ்ல உப்பு இல்லையே சார். மழை நேரத்துல முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணி மேலதான் ஓடும், அடியில உப்புத் தண்ணி இருக்கும்னு அப்பா சொல்வாரு."

வெப்பநிலையை நினைத்த நான் உப்பை மறந்திருந்தேன். சாதாரண நீரில் இன்னொரு கட்டியைப் போட்டோம். நீலம் இழை இழையாக இறங்கியது.

அந்த மாணவனின் கேள்விக்கு விடையும் கிடைத்தது. கடல்நீர் சுமார் -1.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது. உறையும்போது உப்பின் பெரும்பகுதி வெளியேறிக் கீழுள்ள நீரில் சேர்கிறது. குளிரும் உப்பும் கூடிக் கனத்த அந்த நீர், அண்டார்டிகாவை ஒட்டிய சில பகுதிகளில் அடித்தளம் வரை இறங்கி, இந்தியப் பெருங்கடலின் ஆழத்திலும் பரவுகிறது. ஆக்சிஜனையும் உடன் கொண்டுசெல்கிறது. நிலத்துப் பனி உருகி நன்னீர் அதிகம் கலந்தால், எங்கள் முதல் குவளையில் நடந்ததுபோல, இறங்குவது தடைப்படும். உப்பை ஆண்டுதோறும் அளப்பது இதைக் கவனிக்கத்தான்.

இப்போது இரு குவளைகளையும் அருகருகே வைக்கிறேன். கட்டியைப் போடுமுன், என்ன நடக்கும், ஏன் என்று மாணவர்களை எழுதச் சொல்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். விடையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.