விளங்கும் ஆங்கிலம் போதும்

1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் விற்ற மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டுமென்று ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயர் முன்பே கூறியிருந்தாராம். அச்சொல் உடுத்தியவரைச் சென்று சேரவில்லை. சாயம் விடுவதே சிறப்பென விளம்பரம் செய்து வணிகர் தப்பினர். நமக்கு அத்தகைய நல்லூழ் வாய்க்குமோ?

நெய்க்காரப்பட்டி அங்கத்தினர்களே! மாலைதோறும் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் விற்பவராகவும் மற்றவர் வாங்குபவராகவும் ஆங்கிலத்தில் உரக்கப் பேசிப் பழகுவோம். முதலில் வணக்கம், பெயர், சங்கம். பின்னர் சேலைக்கு நீளம், சாயம், சலவை. வெல்லத்திற்கு எடை, தரம், அனுப்பும் நாள். முடிவில் “ப்ளீஸ் ரிப்பீட்” என்று கேட்டு, எதிரிலிருப்பவர் திரும்பக் கூறியதை எழுதிக் கொடுப்போம். இலக்கணப் பிழையால் சரக்குத் திரும்பி வராது. விளங்காத சொல்லால் வந்துவிடும்.