பழுதுற்ற பழைய அலைகாட்டியை வாங்கலாமா?

மின்னியல் கற்பிக்கும் ஆசிரியரிடமும், கருவிகளைப் பேணும் களப் பணியாளரிடமும் அடிக்கடி வந்து நிற்கும் வினா இது. ஓர் ஆராய்ச்சிச் சாலையோ தொழிற்சாலையோ தன் பழைய கருவிகளைக் கழித்து ஏலத்தில் விடுகிறது. பட்டியலில் ‘ஆசிலோஸ்கோப், இரு தடம், இயங்கவில்லை’ என்று ஒரு வரி காணப்படுகிறது. கேட்கும் விலையோ புதிய கருவியின் விலையில் சிறு பங்கேயாகும். எனினும், பள்ளியின் ஆய்வகத்துக்கென அவ்வாண்டு கிடைத்த தொகை அதனுடன் தீர்ந்துவிடக் கூடும். வாங்கிய பின் கருவி உயிர் பெறாவிடில், கண்ணாடிக் கலங்களும் மின்கலங்களும் இன்றி மாணவர்கள் ஓராண்டைக் கழிக்க நேரிடும். ஆகவே, ‘மலிவாக வருகிறது, பார்ப்போம்’ என்று முடிவு செய்வது தகாது.

அலைகாட்டியின் உயிர்நிலை காதோடுக் கதிர்க் குழாயாகும். 1897-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் இதனை அமைத்தார். சூடேறிய காதோடிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் மெல்லிய கற்றையாகக் குவிக்கப்பட்டு, இரு சோடித் தகடுகளுக்கிடையே சென்று, ஒளிரும் பூச்சிட்ட திரையை அடைகின்றன. ஒரு சோடி கற்றையை இடமிருந்து வலமாகச் சீராக நகர்த்துகிறது. மற்றொன்று, நாம் அளக்க விரும்பும் மின்னழுத்தத்திற்கேற்ப அதனை மேலும் கீழும் விலக்குகிறது. அலையின் ஒரே நிலையில் ஒவ்வொரு முறையும் கோடு தொடங்குமாறு செய்யும் டிரிக்கர் முறையைச் செவ்வனே அமைத்து, 1947-இல் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 511 என்னும் கருவியை வெளியிட்டது. அதன் பின்னரே அலைகாட்டி நம்பிக்கையுடன் அளக்கத் தக்க கருவியாயிற்று.

அந்நிறுவனம் 1972-இல் வெளியிட்ட 465 என்னும் கருவி இன்றும் பழைய கருவிச் சந்தைகளில் காணக்கூடியது. அதன் பட்டை அகலம் 100 மெகாஹெர்ட்ஸ். 0.35-ஐப் பட்டை அகலத்தால் வகுத்தால் கருவி காட்டவல்ல மிகக் குறைந்த எழுச்சி நேரம் கிடைக்கும். இங்கு அது 3.5 நானோசெகண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 17.5 நானோசெகண்டு ஆகும். பள்ளிப் பாடங்களுக்கு இரண்டாவதே மிகையாகப் போதுமானது. ஆகையால், பெரிய எண்ணைக் கண்டு மயங்கி அதிக விலை தர வேண்டுவதில்லை. இக்காலத்துக் கருவிகளின் வழிகாட்டி நூலே அவற்றின் பெருஞ்சிறப்பு எனலாம். முழுச் சுற்றுப்படம், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய மின்னழுத்தம், அலை வடிவம், சுற்று இயங்கும் முறை ஆகிய யாவும் அதில் அச்சிடப்பட்டுள்ளன. வழிகாட்டி நூல் கிடைக்காத கருவியை, அது எத்துணை மலிவாயினும், வாங்காதிருப்பதே நன்று.

கருவியைக் காணச் செல்லும்போது முதலில் குழாயைக் கருதுக. மின்தேக்கி, டிரான்சிஸ்டர், மின்தடை ஆகியவற்றுக்கு ஈடான புதிய உறுப்புகள் கடையில் கிடைக்கும். குழாய்க்கு ஈடு மற்றொரு பழைய கருவியிலுள்ள குழாயேயன்றி வேறில்லை. திரையின் நடுவில் பழுப்பு நிறப் புள்ளியோ கோடோ தெரிந்தால், அசையாத கற்றை நெடுநேரம் நின்று பூச்சு எரிந்திருக்கிறது என்று கொள்க. கழுத்துப் பகுதியின் உட்புறம் வெள்ளைப் பொடி படிந்திருப்பின் காற்று புகுந்துவிட்டது. அதனுடன் ஆய்வை முடித்துக்கொள்ளலாம். கோடு தோன்றும் கருவியாயின், ஸ்வீப்பின் வேகத்தை உயர்த்திப் பார்க்க வேண்டும். ஒளிர்வுக் குமிழை இறுதி வரை திருப்பியும் கோடு மங்கலாகவும் தடித்தும் இருந்தால் காதோடு தேய்ந்துவிட்டது எனலாம்.

கோடே தோன்றாத கருவியில் மிகவும் பயன்படுவது ‘பீம் ஃபைண்ட்’ என்னும் பொத்தான். கற்றை திரைக்கு வெளியே எங்கு ஓடியிருப்பினும், இப்பொத்தானை அழுத்தினால் அதன் விலக்கம் சுருங்கித் திரைக்குள் வந்துவிடும். பொத்தானை அழுத்தியபோது ஒளி தெரிந்தால் குழாயும் உயர் அழுத்தப் பகுதியும் இயங்குகின்றன. பழுது விலக்கப் பெருக்கிகளில் உள்ளது. எவ்வொளியும் இல்லையேல் பழுது மின் வழங்கற் பகுதியிலோ, உயர் அழுத்தப் பகுதியிலோ, குழாயிலேயோ இருக்கலாம். முந்தியது எளிது, பிந்தியது கடினம் என்று எண்ணத் தோன்றும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகட்கு முன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவருடன் ஓர் ஏலத்துக்குச் சென்றேன். அங்கே ஒரே வகையைச் சேர்ந்த இரு வெளிநாட்டு அலைகாட்டிகள் இருந்தன. ஒன்று தூய்மையாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் கூர்மையான பச்சைப் புள்ளி தோன்றியது. மற்றொன்று கைப்பிடி உடைந்து, புழுதி படிந்து, உருகுகம்பி எரிந்து கிடந்தது. முன்னதை வாங்கலாம், பின்னதைத் தொட வேண்டா என்றேன். பின்னது பழைய இரும்பின் விலைக்கே கிடைத்தமையால், “இருக்கட்டும் ஐயா, உறுப்புக்கு ஆகும்” என்று கூறி அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

மேசைக்கு வந்த பின் நிகழ்ந்தது வேறு. புழுதி படிந்த கருவியில் ஒரு வழங்கற் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 3 ஓம் மட்டுமே இருந்தது. அக்கம்பியிலிருந்த மணி வடிவ டான்டலம் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக ஒரு முனை கழற்றி அளந்தோம். ஏழாவது மின்தேக்கி உட்குறுக்காகியிருந்தது. புதியதொன்றை இட்டதும், மங்கலாயினும், கோடு வந்துவிட்டது. தூய்மையான கருவியோ எங்களை இரண்டு மாதம் அலைக்கழித்தது. அதன் செங்குத்துப் பெருக்கியில், தயாரிப்பாளர் தமக்கெனவே செய்துகொண்ட சிப்பு ஒன்று கெட்டிருந்தது. அதற்கு ஈடு எங்கும் கிடைக்கவில்லை. முடிவில் அதன் நல்ல குழாயைக் கழற்றி மற்றதில் பொருத்தினோம். குழாயைக் குறித்து நான் கூறியது சரியாயிற்று. பழுதைக் குறித்துக் கூறியது பிழையாயிற்று. எல்லாம் இறந்து கிடக்கும் கருவியில் பெரும்பாலும் ஒரே பொருள் இறந்திருக்கும். பாதி உயிருடன் இருக்கும் கருவியில் இறந்தது எதுவென்று அறிந்த பின்னரே விலை பேச வேண்டும்.

இக்காரணத்தால், தனிச் சிப்புகள் குறைந்த கருவியே பழுது பார்ப்போருக்கு உகந்தது. வால்வுகள் நிறைந்த அதற்கு முந்திய தலைமுறைக் கருவிகள் இவ்வகையில் எளியவை. ஆனால் எடை மிகுந்தவை, வெப்பம் மிகுந்தவை. அவற்றைத் தொடுமுன் ஒன்றை அறிந்திருத்தல் நலம். டெக்ட்ரானிக்ஸின் 500 வரிசைக் கருவிகளில் உறுப்புகள் வெள்ளி பூசிய பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டுள்ளன. சாதாரண ஈயத்தை மீண்டும் மீண்டும் இட்டால் அவ்வெள்ளி கரைந்து பெயர்ந்துவிடும்; ஏறத்தாழ 3 விழுக்காடு வெள்ளி கலந்த பற்றீயம் வேண்டும். அதற்கெனவே ஒரு சிறு சுருளைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். கழித்துக் கட்டிய கருவியிலும் அச்சுருள் சில வேளை தீண்டப்படாமல் இருக்கக் காணலாம்.

பல ஆண்டு உறங்கிய கருவியை நேரே 230 வோல்ட்டில் இணைப்பது கூடாது. மின் தேர்வுக் குமிழ் 115-இல் இருக்கிறதா 230-இல் இருக்கிறதா என்று முதலில் நோக்குக. பின்னர், மின்பணியாளர் யாவரும் அறிந்த சீரியல் விளக்கின் வழியாக, இழையுள்ள 100 வாட் பல்பைத் தொடராக இட்டு மின்சாரம் தருக. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் அச்சமில்லை. முழு ஒளியுடன் நின்றுவிட்டால் உள்ளே குறுக்குச் சுற்று உண்டு, உடனே நிறுத்துக. குமிழ்களும் தேர்வுச் சாவிகளும் அழுக்கேறியதாலேயே ‘பழுது’ எனத் தள்ளப்பட்ட கருவிகள் பல. சாவியின் இதழ்களிடையே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை வைத்து மெல்ல இழுப்பது போதுமானது. முரட்டு அரத்தாளால் தேய்த்தால் பொற்பூச்சு போய்விடும்.

அபாயத்தைப் பற்றி ஒரு சொல். 465-இல் காதோடு சுமார் எதிர் 2,450 வோல்ட்டில் நிற்கிறது. திரை வரை கணக்கிட்டால் முடுக்கழுத்தம் 18,000 வோல்ட் ஆகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாயிலும் பெரிய மின்தேக்கிகளிலும் மின்னேற்றம் தங்கியிருக்கும். மின்தடையிட்ட கம்பியால் அதனை எர்த்துக்கு இறக்காமல் உள்ளே கைவைக்கலாகாது. தனித்திருந்து இவ்வேலை செய்யற்க; மாணவரைத் திறந்த பெட்டியின் அருகே நிறுத்தற்க. மேலும், பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டு அலைகாட்டியை ‘மிதக்க’ விடும் வழக்கம் நம் ஆய்வகங்கள் சிலவற்றில் உண்டு. பழைய கருவியை வாங்கியவுடன் அதன் பிளக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி, பழையதை வாங்காமலே காரியம் முடியுமா என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டத்தில் உருவான எக்ஸ்பைஸ் என்னும் சிறு கருவி, கணினியுடன் இணைந்து நான்கு தட அலைகாட்டியாக இயங்குகிறது. ஒலி அலை, ஊசல், மின்தேக்கியின் மின்னிறக்கம் ஆகிய சோதனைகளுக்கு அது தாராளமாகப் போதும். ஒருமுறையே நிகழ்ந்து மறையும் மின்னிறக்கத்தைச் சாதாரணப் பழைய அலைகாட்டி நிறுத்திக் காட்டாது. எண்முறைக் கருவி காட்டும். அத்தேவை உடையவர் பழையதன் பின்னே செல்ல வேண்டுவதில்லை. மாறாக, வானொலி அலைவெண்களில் வேலை செய்வோருக்கும், லிசாஜு உருவங்களை உடனுக்குடன் வகுப்பில் சுழற்றிக் காட்ட விரும்புவோருக்கும், சுற்றைப் பிரித்துக் கற்பிக்கவே கருவி தேடுவோருக்கும் பழையது தகும்.

வாங்குவதென்று துணிந்தால் விலையை இவ்வாறு கணக்கிடுக: கேட்கும் தொகை, ஏற்றிவரும் செலவு, மின்தேக்கிகளின் விலை, இரண்டு நல்ல புரோபுகளின் விலை. பழைய கருவியுடன் புரோபு வருவது அரிது. அதனை மறந்துவிடுகிறவர் பலர். இவற்றின் கூட்டுத்தொகை, எக்ஸ்பைஸையோ புதிய எண்முறைக் கருவியையோ வாங்கும் செலவில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் நேரத்துக்கு நான் விலை இடவில்லை. கற்றுக்கொள்ளும் விருப்பம் உள்ளவருக்கு அது செலவன்று, இல்லாதவருக்கு அதுவே பெருஞ்செலவு.

மேற்கூறிய ஆசிரியரின் பள்ளியில் அவ்வாண்டு வேறெக்கருவியும் வாங்கவில்லை. ஒளியியற் சோதனைகள் இரண்டைக் கரும்பலகையிலேயே நடத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழாயை மாற்றிய பின் கோட்டின் சாய்வு, குவிப்பு, செங்குத்துப் பெருக்கம் ஆகியவற்றைப் புதிதாகச் சரிசெய்ய ஒரு முழுநாள் பிடித்தது. கருவியின் முகப்பிலுள்ள சதுர அலை முனையில் புரோபை வைத்து மூலைகள் கூர்மையாகும் வரை திருகினோம். பெட்டியை மூடுமுன், எந்த மின்தேக்கி மாற்றப்பட்டது, குழாய் எதிலிருந்து வந்தது, வழங்கற் கம்பிகளில் அளந்த வோல்ட்டுகள் எவை என்பவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டினார் அவர். குழாயிழந்த மற்றக் கருவி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதிலிருந்து இதுவரை நான்கு குமிழ்களும் ஒரு விசிறியும் எடுத்தாயிற்று.