மாக்கல்லும் அதன் மாவும்

கனிமங்களின் கடினத்தை ஒப்பிடுவதற்கு 1812-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் வைரம் பத்தாம் படியில் நிற்கிறது. முதற்படியில் நிற்பது டால்க். நகத்தாற் கீறினாலே பொடி உதிரும். தொட்டால் சோப்பைப்போல் வழுக்கும். டால்க் மிகுந்த பாறையை நம் மக்கள் மாக்கல் என்றனர்; இதனினும் பொருத்தமான பெயரை எவரும் இட்டிருக்க முடியாது. இந்தியாவில் இதனை மிகுதியாகத் தருவது இராஜஸ்தான்.

இம்மென்மைக்குக் காரணம் அதன் உள்ளமைப்பாகும். மக்னீசியம் அடங்கிய ஓர் ஏடு இரண்டு சிலிக்கா ஏடுகளுக்கிடையே இறுகப் பிணைந்து ஓர் அடுக்காகிறது. ஆயின் அடுக்கிற்கும் அடுக்கிற்கும் இடையேயுள்ள கவர்ச்சி மிகச் சொற்பம். சிறிது அழுத்தினும் அவை ஒன்றன்மேலொன்று சறுக்கும். நீரும் அவற்றில் எளிதில் ஒட்டாது. மிதிவண்டி டியூபின்மீது வெண்பொடி தூவுவது இரப்பர் ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்கே. காகிதம், வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக் ஆகியவற்றிலும் இப்பொடி கலக்கப்படுகிறது.

இக்கல்லின் விந்தை நெருப்பில் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேடிற்கு மேற்பட்ட வெப்பத்தில், தன்னுள் பிணைந்திருந்த நீர்க்கூற்றை இழந்து, கத்திக்கும் எளிதில் இணங்காத கடினப் பொருளாக மாறிவிடுகிறது. மென்மையாயிருக்கையில் செதுக்கிப் பின்னர்ச் சுடும் இம்முறையைச் சிந்துவெளி முத்திரைத் தொழிலாளர் 4000 ஆண்டுகட்கு முன்பே கையாண்டனர். மின்காப்புப் பீங்கான்களுள் ஒருவகை இன்றும் இதனைக் கொண்டே செய்யப்படுகிறது. கற்சட்டி மெல்லச் சூடேறி, அடுப்பைவிட்டு இறக்கிய பின்னும் நெடுநேரம் வெப்பத்தைக் காப்பதை இல்லத்தரசிகள் அறிவர்.

ஜிப்சமும் நகத்தாற் கீறப்படுவதால் மாணவர் மயங்குவதுண்டு. இரண்டின் பொடியையும் உலர்ந்த சோதனைக் குழாய்களிலிட்டு மிதமாகச் சூடாக்குக. ஜிப்சமுள்ள குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் படியும். டால்க் அச்சிறு சூட்டில் நீரை விடாது.

எச்சரிக்கை ஒன்று அவசியம். சில படிவுகளில் டால்க்குடன் கல்நார் வகைகளும் கலந்துள்ளன. கல்நாரின் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்டது. டால்க்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகப் பெரிதும் கருதத்தக்க பொருள்களின் வகையில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2024-இல் சேர்த்தது. குழந்தைகளின் முகத்தருகே பவுடர் தூவும் வழக்கம் விடத்தக்கது. நுண்பொடியை மிகுதியாகச் சுவாசித்த சிசுக்கள் மூச்சுத்திணறி மாண்டதும் உண்டு. அரவை ஆலைகளில் பணிபுரிவோர்க்கு முகக்கவசமும் தூசியை உறிஞ்சும் சாதனமும் இன்றியமையாதவை.

களத்தில் எடுத்த மாதிரி ஏடேடாகப் பிரியாமல் நார்நாராகப் பிரிந்தால், அதனை உடைக்கவோ வகுப்பறைக்குக் கொண்டுவரவோ வேண்டா. நீர் தெளித்து, மூடிய உறையிலிட்டு, எடுத்த இடத்தைக் குறித்துப் புவியியல் ஆய்வகத்திற்கு அனுப்புக.